ஜூன் மாதத் தண்ணீர்

ஓபல் டாக்கெட்டைப் பற்றி எழுத எனக்குத் தகுதி இல்லை. அவளை வேலையை விட்டு அனுப்பிய அட்டைகளை அடுக்கிக் கொடுத்தவன் நான்தான். ஆனால் அவளைத் தெரிந்தவர்களில் பாதிப் பேர் செத்துப் போய்விட்டார்கள், மீதிப் பேர் வாயைத் திறப்பதில்லை. அதனால் எழுதுவது என் தலையில் விழுந்திருக்கிறது. என் பெயர் வெண்டல் க்ரவுஸ். சான் ஃபெர்னாண்டோ பள்ளத்தாக்கில் ஒரு விமானக் கம்பெனியில் இருபத்தாறு வருடம் பதிவேட்டு எழுத்தராக இருந்தேன். கம்பெனியின் பெயரைச் சொல்ல மாட்டேன். இத்தனை வருடம் சொல்லாமல் இருந்து பழகிவிட்டது.

ஓபல் ஒக்லஹோமாக்காரி. புழுதிப் புயலில் நிலம் பறந்துபோன பிறகு, பதினைந்து வயதில், மெத்தைகளைக் கட்டிய லாரியின் மேல் உட்கார்ந்து கலிஃபோர்னியா வந்தாள். இரண்டாம் உலக யுத்தம் வந்ததும் எங்கள் கம்பெனியில் குண்டு விமானங்களுக்கு ரிவெட் ஆணி அடிக்கச் சேர்ந்தாள். புருஷன் லானி கடற்படைக்குப் போனான். நதீன் வயிற்றில் ஆறு மாதம் இருக்கும்போது தந்தி வந்தது. பசிபிக் கடலில் கப்பலோடு போய்விட்டான், உடல் கிடைக்கவில்லை. இன்ன இடத்தில், இன்ன நாளில் என்றுகூட அந்தத் தந்தியில் இல்லை. யுத்தம் முடிந்ததும் பெண்களையெல்லாம் வீட்டுக்கு அனுப்பினார்கள். ஓபல் மட்டும் போகவில்லை. ஸ்பாட் வெல்டிங் கற்றுக்கொண்டாள். இரண்டு தகடுகளைச் செம்பு முனைகளுக்கு நடுவே அழுத்தி, மின்சாரம் பாய்ச்சி, புள்ளி புள்ளியாக ஒட்டுகிற வேலை. முனை தூக்கும்போது வருகிற சத்தத்தை வைத்தே எந்தப் புள்ளி சரியில்லை என்று சொல்லிவிடுவாள். அப்புறம் எக்ஸ்ரே எடுத்துப் பார்த்தால் அவள் சொன்னதுதான் இருக்கும்.

ஒல்லியான உயரமான பெண். தலையில் சிவப்புத் துணி. மத்தியானம் ரொட்டிக்குள் ஆறிப்போன பீன்ஸை வைத்துத் தின்பாள், நாங்கள் கேலி செய்தால் கண்டுகொள்ள மாட்டாள். தொழிற்சாலைக் குழாயில் தண்ணீர் பிடித்து, மின்சார அடுப்பில் காப்பி போட்டு எல்லோருக்கும் கொடுப்பாள். எனக்கு அவள் வைத்த பெயர் பென்சில்.

“என்ன பென்சில், இன்னிக்கு யார் தலையில எழுதப் போறே?” என்பாள், நான் அட்டைக் கட்டோடு வரும்போதெல்லாம். கடைசியில் அவள் தலையில்தான் எழுதினேன்.

அறுபதாம் வருடம் மே மாதம், ரொம்ப உயரத்தில் மெதுவாகப் பறந்து படம் எடுக்கிற எங்கள் நாட்டு விமானம் ஒன்றை ரஷ்யர்கள் சுட்டு வீழ்த்தினார்கள். உயரம் மட்டும் இனிமேல் காப்பாற்றாது என்று மேலிடத்துக்கு உறைத்தது. ஏவுகணை எட்டிப் பிடிக்க முடியாத வேகம் வேண்டும், ஒலியைவிட மூன்று மடங்கு. எங்களிடம் யாரும் இப்படி விளக்கிச் சொல்லவில்லை. எங்களுக்கு அது வெறும் ‘பொருள்’. ஜன்னல்களுக்குக் கறுப்பு அடித்த கட்டடத்தில் ஆளுக்கொரு துண்டைச் செய்தோம்.

அந்த வேகத்தில் காற்று உரசியே விமானத்தின் தோல் ரொட்டி சுடுகிற அடுப்பைவிடச் சூடாகும். அலுமினியம் தாங்காது, டைட்டானியம்தான் தாங்கும். ஆனால் அந்த உலோகத்தின் குணம் அப்போது யாருக்கும் சரியாகத் தெரியாது. கீழே போட்டால் கண்ணாடி போல உடைந்த தகடுகளை நானே பார்த்திருக்கிறேன். துளை போடுகிற முனைகள் பத்துப் பதினைந்து துளைக்குள் மழுங்கிவிடும். அதனால் ஒவ்வொரு தகட்டுக்கும் ஓர் அட்டை வைத்தோம். எந்த ஆலையில் வார்த்தது, என்று வெட்டியது, யார் ஒட்டியது, எப்போது கழுவியது, எல்லாம் அதில் இருக்கும். அதைப் பார்த்துக்கொள்வதுதான் என் வேலை. அந்த உலோகத்தில் பெரும்பகுதி பொய்ப் பெயர்கள் வழியாக ரஷ்யாவிலிருந்தே வாங்கியது என்று ரொம்ப நாள் கழித்துத்தான் கேள்விப்பட்டேன்.

முதல் வருடமே ஒரு வினோதம் நடந்தது. சூடேற்றிப் பார்த்த பிறகு போல்ட்டுகளின் தலை தானாகக் கழன்று விழுந்தது. வாரக்கணக்கில் தேடி, முடுக்கிய ஸ்பானர்களில் துருப்பிடிக்காமல் இருக்கப் பூசியிருந்த காட்மியம்தான் காரணம் என்று கண்டுபிடித்தார்கள். அன்றைக்கே எல்லோருடைய கருவிப் பெட்டியையும் வாங்கி, அந்த ஸ்பானர்களை ஒழித்தார்கள். முடுக்கியவன் யார் என்று ஒருவரும் கேட்கவில்லை. இதை எதற்குச் சொல்கிறேன் என்றால், அந்த உலோகம் காரணமில்லாமல் கெட்டுப் போகாது என்று எங்களுக்கு அப்போதே தெரியும்.

அறுபத்திரண்டு கோடையில் ஓபலின் கஷ்டகாலம் ஆரம்பித்தது. இறக்கைத் தகடுகளில் மாதிரிக்குச் சிலதை எடுத்து, சூடேற்றி, இழுத்துச் சோதிப்பார்கள். வருடக்கணக்கில் தாங்க வேண்டிய ஒட்டு ஆறே வாரத்தில் விட்டுப் போயிற்று. ஃபோர்மேன் மெர்ல் ஸ்டாட்லருக்கு மேலிருந்து நெருக்கடி. மெர்ல் கெட்டவன் இல்லை. பயந்தவன், அவ்வளவுதான். உடைந்த தகடுகளை ஆள் வாரியாக அடுக்கிக் கொடு என்றான். கொடுத்தேன். பதினேழில் பதினொன்று ஓபலுடையது.

கஷ்டமான தகடுகளையெல்லாம் அவளிடம்தான் கொடுப்பார்கள், பாதி இறக்கை அவள் கையால் ஆனது, அதனால் எண்ணிக்கை அவள் பக்கம் கூடத்தான் செய்யும். இது எனக்குத் தெரியும். மெர்ல் கேட்டது எண், நான் கொடுத்தது எண்.

அவனுடைய கண்ணாடி அறைக்கு அவளைக் கூப்பிட்டான். அட்டைகளோடு நானும் நின்றேன்.

“நீயே பாரு ஓபல். பதினேழுல பதினொண்ணு.”

“பாதி எறக்கைய நான்தானே போடறேன் மெர்ல். பின்ன யாரோடது ஒடையும்?”

“குளிர்காலத்துல போட்டது ஒண்ணுகூட ஒடையல. கோடையில என்ன ஆகுது உனக்கு? ஒடம்பு சரியில்லையா, வீட்டுல ஏதாவதா? சொல்லிடு, பாத்துக்கலாம்.”

அவள் கொஞ்ச நேரம் தன் கைகளைப் பார்த்தாள்.

“ஒண்ணு சொல்றேன், சிரிக்கக் கூடாது. ஜூன் வந்தா நம்ம குழாய்த் தண்ணி நாறுது. நீச்சல் குளத்து நாத்தம். காப்பிய வாயில வைக்க முடியல. அந்தத் தண்ணியிலதான தகட்டக் கழுவறாங்க? எனக்கே வயித்தப் பெரட்டுது. அதுக்கு என்ன ஆகுதோ.”

“ஏம்மா, ஊரே குடிக்கிற தண்ணி அது. பச்சக் கொழந்தை குடிக்குது. டைட்டானியத்துக்குச் சேராமப் போயிடுச்சா?”

நான் சிரித்தேன். மெர்ல்கூடச் சிரிக்கவில்லை, நான் சிரித்தேன். ஓபல் அவனை விட்டுவிட்டு என்னைப் பார்த்தாள். கோபமாகக்கூடப் பார்க்கவில்லை. ஏதோ கணக்கு சரிபார்ப்பது போலப் பார்த்தாள்.

அன்று மத்தியானமே பாதுகாப்பு ஆட்கள் இரண்டு பேர் வந்து ரகசியக் கட்டடத்துக்குள் போக அவளுக்குக் கொடுத்திருந்த பேட்ஜைக் கழற்றி வாங்கினார்கள். இரண்டு பக்கமும் நடந்து வாசல் வரை கொண்டுபோய் விட்டார்கள். காப்பிப் பாத்திரத்தை எடுத்துக்கொள்ளக்கூட விடவில்லை.

பேட்ஜ் போனவர்களோடு பேசக் கூடாது. ரகசியம் காப்போம் என்று நாங்கள் கையெழுத்துப் போட்ட தாளில் அப்படி ஒரு வரி உண்டா என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது. ஆனால் எல்லோரும் அப்படித்தான் இருந்தோம். மார்க்கெட்டில் அப்படிப்பட்டவர் எதிரே வந்தால் சாமான் போடும் தள்ளுவண்டியை அடுத்த வரிசைக்குத் திருப்பிக்கொள்வோம். காரணம் தெரியாத எங்கள் மனைவிமாரும் திருப்புவார்கள். முதல் சில மாதம் ஓபலே, எங்களுக்குச் சங்கடம் வேண்டாம் என்று, முந்திக்கொண்டு தன் வண்டியைத் திருப்பினாள். பிறகு அதை நிறுத்திவிட்டு நேராக வர ஆரம்பித்தாள். நாங்கள் திருப்பினோம்.

வேறு விமானக் கம்பெனி எதிலும் அவளைச் சேர்க்கவில்லை. இவ்வளவு வருடம் என்ன செய்தாய் என்று கேட்டால் அவள் சொல்லக் கூடாது. சொல்லவும் மாட்டாள், அவ்வளவு நேர்மை. கடைசியில் ஒரு பள்ளிக்கூடச் சமையலறையில் தட்டுக் கழுவும் வேலைக்குப் போனாள்.

அடுத்த கோடையில் ஓபல் இல்லை, ஒட்டு மட்டும் விட்டது. மெர்ல் மறுபடியும் ஆள் வாரியாகக் கேட்டான். கொடுத்தேன். இந்தத் தடவை எல்லோருக்கும் கொஞ்சம் கொஞ்சம் வந்தது, யாரையும் பிடிக்க முடியவில்லை. நவம்பரில் ஒரு நாள் எனக்கே பொறுக்காமல் உடைந்த தகடுகளின் அத்தனை அட்டைகளையும் கலைத்து, மாத வாரியாக அடுக்கினேன். சாப்பாட்டு வேளைக்குள் முடிந்துவிட்டது. ஜூன், ஜூலை, ஆகஸ்ட் அடுக்கு நாலு விரல் உயரம். டிசம்பர், ஜனவரியில் ஒன்றுகூட இல்லை. மேஜை முன்னால் உட்கார்ந்து அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். அந்தக் காப்பி நாற்றம் எனக்கு மூக்கில் வந்தது.

மெர்லிடம் அடுக்கைக் காட்டி, தண்ணீரைப் பார்க்கச் சொன்னேன். சோதனைக்கூடத்திலிருந்து ஆள் அனுப்பி நகரத் தண்ணீர் இலாகாவில் விசாரித்தார்கள். கோடையில் பாசி பிடிக்காமல் இருக்கக் குளோரின் கூடுதலாகப் போடுவார்களாம். குளோரினுக்கும் டைட்டானியத்துக்கும் ஆகவே ஆகாது. அதற்குப் பிறகு பேட்டரிக்கு ஊற்றுகிற டிஸ்டில்ட் வாட்டரில் கழுவினார்கள். ஒட்டு விடவே இல்லை. எனக்குக் கை கொடுத்து, ஒரு சான்றிதழும் கொடுத்தார்கள். ‘சிறப்பான பணிக்காக’ என்று இருந்தது. என்ன பணி என்று போட அனுமதி இல்லை. என் மனைவி அதைக் கண்ணாடி போட்டு மாட்டினாள்.

ஓபலிடம் சொல்லிவிடலாமா என்று மெர்லிடம் கேட்டேன்.

“என்னன்னு சொல்லுவே? தண்ணின்னா, எதக் கழுவினதுன்னு வரும். அது வந்தா, எதுக்குன்னு வரும். அவகிட்ட இப்ப பேட்ஜ் இல்ல வெண்டல். பேசினா உன்கிட்டயும் இருக்காது.”

“திருப்பி வேலைக்கு எடுத்துக்கலாமே?”

“எடுத்தா, அனுப்பினது தப்புன்னு யாராவது கையெழுத்துப் போடணும். யாரு போடுவா? நீ போடறியா?”

நான் போடவில்லை.

அறுபத்துநாலு மார்ச்சில் நெவாடா பாலைவனத்தில் எங்கள் பொருளில் ஒன்று விழுந்தது. விமானி இறந்துவிட்டான். வேறு ஏதோ வகை விமானம், வழக்கமான பயிற்சி என்று பேப்பரில் நாலே வரி வந்தது. விமானியின் பெயர் மட்டும் உண்மை. டீன் ஹோல்கம், முப்பத்தொரு வயது, பள்ளத்தாக்குக் கல்லறையில் அடக்கம். எஞ்சினுக்குக் காற்று போகிற வாயில் கோளாறு என்று இரண்டே நாளில் எங்களுக்குத் தெரிந்தது. அந்த விமானத்தின் அட்டை முழுவதையும் நான்தான் சரிபார்த்தேன். கோடையில் ஒட்டிய தகடு அதில் ஒன்றுகூட இல்லை. மாதிரி விட்டுப் போனதும், அதோடு ஒட்டிய தகடுகள் எல்லாவற்றையும் உடைத்துப் போட்டுவிட்டார்கள். ஓபல் குளிர்காலத்தில் ஒட்டியது நாற்பத்திரண்டு இருந்தது. பாலைவனத்தில் பொறுக்கி வந்த குவியலில் அவற்றின் ஒட்டு ஒன்றுகூட விடவில்லை.

ஏப்ரலில் ஒரு சனிக்கிழமை. மார்க்கெட் வாசலில், மனைவி உள்ளே போயிருக்க, நான் காரில் உட்கார்ந்திருந்தேன். ஓபல் நேராக ஜன்னலுக்கு வந்தாள். மெலிந்துபோயிருந்தாள், கைகள் பாத்திரச் சோப்பில் வெந்து சிவந்திருந்தன.

“பயப்படாதே பென்சில், உன் வேலைக்கு உலை வைக்க வரல. பேப்பர்ல போட்டிருக்கானே ஒரு பையன். அது நம்ம ஆள்தானே?”

நான் மார்க்கெட் வாசலைப் பார்த்தேன்.

“நீ ஒண்ணும் சொல்ல வேணாம். அது என்ன, எங்கேன்னு நான் கேக்கல. ஒண்ணே ஒண்ணுதான். அவனக் கொன்னது என் தகடா? இல்லேன்னா தலைய மட்டும் ஆட்டு. வாயத் தொறக்காதே. தலைய ஆட்டு, போதும்.”

இரண்டு கார் தள்ளி ஒருவன் பேப்பர் படித்துக்கொண்டிருந்தான். பாதுகாப்பு ஆளாக இருக்கலாம், பெண்டாட்டிக்குக் காத்திருக்கும் ஒருவனாகவும் இருக்கலாம். நான் ஸ்டியரிங்கைப் பார்த்தேன். இல்லை என்று ஒரு தரம் தலையசைக்க எவ்வளவு நேரம் ஆகும்? நான் அசைக்கவில்லை. அவள் காத்திருந்தாள். வெயிலில், கதவுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு, நிறைய நேரம் காத்திருந்தாள்.

“சரி. புரிஞ்சுது” என்றாள். கம்பியிலிருந்து கையை எடுத்துவிட்டுப் போனாள்.

நான் கோழை. இதை அழகாகச் சொல்ல வேறு வார்த்தை தேடிப் பார்த்தேன், கிடைக்கவில்லை. முதலில் வேலைக்குப் பயந்தேன், அப்புறம் ஓய்வூதியத்துக்கு. எண்பத்தொன்றில் ஓய்வு பெற்று, மெர்லும் செத்துப் போன பிறகு பயப்பட ஒன்றும் மிச்சமில்லை. அப்போது வெட்கம் வந்து உட்கார்ந்துகொண்டது. எங்கள் வீட்டுக்கு மூன்று தெரு தள்ளித்தான் அவள் வீடு. நான் சுற்று வழியாகப் போகப் பழகிவிட்டேன்.

தொண்ணூற்று மூன்று மே மாதம், ஒரு வெள்ளிக்கிழமை, பாம்டேல் என்ற ஊருக்குப் போனேன். நாங்கள் செய்த விமானத்தை அங்கே வேலி போட்டுப் பார்வைக்கு நிறுத்தியிருக்கிறார்கள். கறுப்பாக, நீளமாக நின்றது. நான் முழுசாகப் பார்த்தது அதுதான் முதல் தடவை. பள்ளிக்கூடப் பிள்ளைகள் ஐஸ்கிரீம் சாப்பிட்டுக்கொண்டு சுற்றி வந்தார்கள். தொப்பி போட்ட வழிகாட்டி ஒருவர் விளக்கிக்கொண்டிருந்தார். “இப்ப ஒரு வேடிக்கையான கதை சொல்றேன், கேளுங்க. கோடையில செஞ்ச தகடு மட்டும் ஒடைஞ்சுகிட்டே இருந்துச்சாம். ஏன்னு சொல்லுங்க பாக்கலாம்?” ஒரு பையன் வெயில் என்றான். “தண்ணி! குழாய்த் தண்ணி!” என்றார் அவர். எல்லோரும் சிரித்தார்கள். டீச்சர்கூடச் சிரித்தாள். அந்தக் கதையில் ஓபல் இல்லை. உடைந்ததற்காக யாரையாவது அனுப்பினார்களா என்று ஒரு பிள்ளையும் கேட்கவில்லை. நான் முப்பது வருடம் பல்லைக் கடித்துக் காத்த ரகசியத்தைக் கேட்டுவிட்டு, பிள்ளைகள் அடுத்த விமானத்துக்கு ஓடினார்கள்.

அங்கிருந்து நேராக அவள் வீட்டுக்கு வண்டியை விட்டேன். நதீன் கதவைத் திறந்தாள். தலை நரைத்திருந்தது. நான் யாரென்று அவளுக்குத் தெரியவில்லை, அம்மாவோடு வேலை பார்த்தவன் என்றேன். கூடத்து மேஜையில் ஒரு காலி காப்பி டப்பாவுக்கு வெள்ளித்தாள் சுற்றி வைத்திருந்தார்கள்.

“திங்கக்கிழமை படைவீரர் நினைவு நாள் இல்லையா, அம்மா கல்லறைக்குப் பூ கொண்டு போவாங்க” என்றாள்.

உன் அப்பாவுக்கா என்று கேட்டேன்.

“அப்பாவுக்கு ஏதுங்க கல்லறை? இது யாரோ ஒரு விமானி. ஹோல்கம்னு பேரு. எனக்கு இருபது வயசு இருக்கறப்போலேருந்து போறாங்க, ஒரு வருஷம் விட்டதில்ல. அவரோட சம்சாரம்கூட ஒரு தடவை, நீங்க யாருன்னு கேட்டாங்க. தெரிஞ்சவங்கன்னு மட்டும் சொல்லிட்டு வந்துட்டாங்க. எங்கிட்டயும் சொல்ல மாட்டேங்கறாங்க. உங்களுக்குத் தெரியுமா?”

அம்மாவைப் பார்க்க வேண்டும் என்றேன். உள்ளே ஓபல் சக்கர நாற்காலியில் இருந்தாள். சர்க்கரை வியாதி ஒரு காலை வாங்கிவிட்டது. என்னைப் பார்த்ததும், “அடேய் பென்சில்” என்றாள். அவள் முகம் மலர்ந்தது. அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். தண்ணீர். குளோரின். மாத வாரி அடுக்கு. அவள் சொன்னதுதான் சரி, நான் சிரித்ததுதான் தப்பு. அவளுடைய கோடைத் தகடு ஒன்றுகூடப் பறக்கவில்லை. ஹோல்கம் செத்ததற்கும் அவளுக்கும் சம்பந்தமே இல்லை. அந்த விமானத்தில் இருந்த அவளுடைய நாற்பத்திரண்டு தகட்டிலும் ஒட்டு விடவில்லை. நதீன் வாசற்படியில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள்.

ஓபல் என்னை நிமிர்ந்து பார்த்தாள். பிறகு கேட்டாள்.

“தண்ணின்னு உனக்கு எப்பத் தெரியும்?”

“அறுபத்துமூணு நவம்பர்.”

“நான் காருகிட்ட வந்து நின்னது ஏப்ரல்.”

“ஆமா.”

“அதுக்கு அப்பறம் வந்த ஏப்ரல்.”

“ஆமா ஓபல்.”

அவள் தலையை ஆட்டிக்கொண்டாள். அழவில்லை, திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

“நதீன், மிஸ்டர் க்ரவுஸ் கெளம்பறாரு. வாசல் வரைக்கும் கூடப் போ” என்றாள்.

திங்கட்கிழமை காலை நான் கல்லறைக்குப் போனேன். வரமாட்டாள் என்றுதான் நினைத்தேன். இனி எதற்கு வர வேண்டும்? பத்து மணிக்கு நதீன் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு வந்தாள். மடியில் வெள்ளித்தாள் சுற்றிய டப்பா, அதில் வீட்டுத் தோட்டத்துப் பூ. ஓபல் குனிந்து, கல்லில் இருந்த புல்லைக் கையால் ஒதுக்கி, டப்பாவை வைத்தாள். கல்லின் மேல் கையை வைத்தபடி ரொம்ப நேரம் இருந்தாள்.

திரும்பி வருகிற பாதையில் நான் நின்றிருந்தேன். தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டேன். பத்தடி தூரத்தில் ஓபல் என்னைப் பார்த்தாள். கையை உயர்த்தி மகளிடம் ஏதோ சொன்னாள். நதீன் ஒரு நிமிடம் தயங்கி நின்றாள். பிறகு நாற்காலியைத் திருப்பி, அடுத்த வரிசை வழியாகத் தள்ளிக்கொண்டு போனாள்.